இரண்டு நடை

டிரெய்லர் எங்கே என்று கேட்டார் ஹுரிச்செக்.
நான் டேப்பை எடுத்துக் காட்டினேன்.

பார்தெயோவ் ஊரின் கோடியில்
தகரக் கதவு போட்ட ஷெட்.
திங்கட்கிழமை சாவி கைமாறுகிறது,
அதற்குள் எடுத்துக்கொண்டு போனால்
விலையில் கால்வாசி குறைப்பார்.
எழுபத்தேழாம் வருஷத்து ஜாவா. சிவப்பு.
ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறிய சிவப்பு.

கோஷித்செயிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்
ஓடி வந்திருந்தது என் கார்.
மூன்றரை மீட்டர் நீளம்,
பின்னால் கொக்கி கிடையாது,
டிக்கியில் இரண்டு காய்கறிப் பை வைத்தால்
மூன்றாவது மடியில்.
ஜாவாவோ இரண்டு மீட்டர் சொச்சம்.
கணக்கு ஒத்துவராவிட்டால்
கணக்கைக் கழற்ற வேண்டியதுதான்.
பதினேழாம் நம்பர் ஸ்பானர் கைவசம் இருந்தது.

சனிக்கிழமை
சக்கரங்கள், டாங்க், சீட், சைலென்சர் ஜோடி,
மட்கார்டு குறுக்கே.
போல்ட்டுகளை வெள்ளரி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு
மூடிமேல் எழுதினார் ஹுரிச்செக்:
'முன்'. 'பின்'. 'கடவுளுக்குத் தெரியும்'.
என்ஜினை இருவருமாகத் தூக்கி
முன் இருக்கையில் உட்கார வைத்துக்
கம்பளி போர்த்தினோம்.

கிளம்பியதுமே கார் கத்தத் தொடங்கியது:
பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.
ஓரங்கட்டி
ஐம்பது கிலோவுக்கு பெல்ட் மாட்டினேன்.
அப்புறம் ஒரு வார்த்தை இல்லை, வீடு வரைக்கும்.
வளைவுகளில் மட்டும் லேசாக என் பக்கம் சாய்ந்தது.
ஆறு வருஷமாக அந்த இருக்கையில்
அவ்வளவு கனமாக யாரும் உட்கார்ந்ததில்லை.

நிலவறையில் எனக்கென்று ஒரு கம்பிக்கூண்டு,
ஒன்றரை மீட்டருக்கு ஒன்றேகால்.
உள்ளே உருளைக்கிழங்கு, பனிச்சறுக்குப் பலகை,
அண்டை வீட்டு எர்வீனின் கிறிஸ்துமஸ் மரத் தாங்கி
('கொஞ்ச நாளைக்குத்தான்' – பதினோரு வருஷம்).
ஆகவே ஐந்தாம் மாடி.
லிஃப்டில் நானும் ஒரு சக்கரமும்,
பிறகு நானும் இன்னொரு சக்கரமும்.
டாங்க் துணி அலமாரியில், கோட்டுகளுக்குக் கீழே.
இனி வார்டில் என் நோயாளிகள்
பெட்ரோல் வாடை பிடிப்பார்கள்.
என்ஜின் குளியல் தொட்டியில்.
வேறெங்கே எண்ணெய் சொட்டலாம்?

ஞாயிறு, சட்டம் மட்டும்தான் பாக்கி.
'மட்டும்' எத்தனை மீட்டர் என்று
டேப்பில் போட்டிருக்கவில்லை.
பின் இருக்கையை மடித்தேன். டக்கென்று ஒரு சத்தம்,
நல்ல சத்தமல்ல.
இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது.
முன் இருக்கையின் நான்கு போல்ட்டையும் கழற்றி
சுவரில் சாய்த்து வைத்தோம்.
சட்டம் உள்ளே போனது,
படுத்தபடி, பிடிவாதமாக,
ஃபோர்க்கின் நுனி கியர் கம்பியோடு உரச.
மூன்றாவது கியர் விழுந்தது.
நான்காவதுக்கு இழுத்தால் முழங்கை இரும்பில் இடித்தது.

மூன்றிலேயே வந்தேன்.
மழை, அப்புறம் மழையா பனியா என்று தெரியாத ஒன்று,
எனக்குப் பின்னால் ஒரு பஸ்,
பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்வலம்.

கபுஷானி அருகே போலீஸ்காரர் டார்ச்சை உள்ளே அடித்தார்.
"என்ன இது?"
"மோட்டார் சைக்கிள்."
"மீதி எங்கே?"
"அலமாரியில் கொஞ்சம். குளியலறையில் கொஞ்சம்."
நெடுநேரம் பார்த்தார்.
"என்னிடம் ஒரு எழுபத்தொன்று இருந்தது" என்றார்.
"என் மனைவி…"
வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப்
போகச் சொல்லிக் கையசைத்தார்.

லிஃப்ட் சட்டத்தை ஏற்க மறுத்தது.
படி வழியே எர்வீனும் நானும்.
ஒவ்வொரு திருப்பத்திலும் மாதாவைக் கூப்பிட்டார்,
நான்காம் மாடியில் வேறு யாரையோ.
"ரோஜாச் செடி வாங்கியிருக்கலாம், ஸ்லாவ்கா."
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அதை நிறுத்தி,
அவருக்கு இரண்டு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து அனுப்பி,
விளக்கை அணைத்தேன்.
இருட்டில்தான் தெரிந்தது
ஷெட் சுவரில் சாய்ந்திருந்த என் கார் இருக்கை.

காலையில் போன் செய்தேன்.
புது ஆள் சீக்கிரமே வந்துவிட்டாராம்.
குப்பை வண்டி அவருக்கும் முன்னாலேயாம்.

பின் இருக்கை இன்னும் நிமிரவில்லை,
உள்ளே ஏதோ கொக்கி உடைந்திருக்கிறது.
ஆக, இப்போதைக்கு
காரில் ஒருவருக்கு இடம்.
இங்கே கட்டிலோரம்,
துண்டு துண்டாக,
இருவருக்கு.