கழித்தால் மிச்சம்

நகரமன்றத்தின் ஏட்டில் நாற்பத்தொன்று.
வரிசை எண், தெருப்பெயர், கட்டிய ஆண்டு,
ஒவ்வொன்றின் எதிரிலும்
"பயன்பாட்டில் உள்ளது" என்று
ஒரே கையெழுத்து, ஒரே மை.

அக்ராவில்
உப்பங்கழி கறுத்துத் தேங்கும் எங்கள் பேட்டையை
நானும் லாம்ப்டேயும் நடந்து பார்த்தோம்.
நான் குடை நிழலில்
போன் ரீசார்ஜும் தண்ணீர்ப் பொட்டலமும் விற்பவள்.
அவன் ட்ரோட்ரோ வண்டிகளில் தொங்கியபடி
நிறுத்தங்களைக் கூவிப் பிழைத்தவன்.
சந்தெல்லாம் அவனுக்கு நாக்கு நுனியில்.

ஒன்று: ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே சிமெண்ட் மூட்டை.
நான்கு: ஜெபக்கூடம்.
போதகர் அன்பாக நாற்காலி போட்டார்.
எதைத் தேடி வந்தோம் என்று சொல்ல
எங்கள் இருவருக்குமே நா எழவில்லை.
ஒன்பது: இருக்கிறது.
விடியலில் வரிசை ரொட்டிக்கடையைத் தொடும்.
ஆளுக்கு ஒரு நாணயம் கொடுத்தால்
கிழித்த நாளிதழ்த் துண்டு ஒன்று கிடைக்கும்.
லாம்ப்டேயின் துண்டில்
யாரோ நாடா வெட்டிக்கொண்டிருந்தார்.
பதினான்கு: ஒரு வேப்பமரம், கட்டிய ஆடு.

கைப்பேசிப் படிவத்தில் கட்டம் கட்டமாய்க் கேள்விகள்:
கதவு உண்டா, தாழ்ப்பாள் உண்டா,
தண்ணீர், விளக்கு, பெண்களுக்குத் தனி வழி.
மீன் புகைபோடும் ஷோர்மே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"பொழுது கழியட்டும், இருட்டட்டும் என்று
மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேனே,
அது எந்தக் கட்டம்?"
அப்படியொரு கட்டம் இல்லை.
"குறிப்புகள்" என்ற இடத்தில் எழுதப் பார்த்தேன்.
நீளம் அதிகம் என்றது.
அவள் பேச்சை வெட்டி வெட்டி
கடைசியில் "தாகம்" என்று மட்டும் ஏறியது.

இரவு கணக்குப் போட்டோம்.
நாற்பத்தொன்றில்
பூட்டியவை போக, இடிந்தவை போக,
கோழி அடைபவை, மூட்டை அடைபவை போக,
பிறக்கவே பிறக்காதவையும் போக
கழித்துக்கொண்டே வந்தால்
கழிக்க மிச்சம் பதினாறு.
அதில் தாழ்ப்பாள் உள்ளவை ஆறு.

மன்றத்து மேசையில் வரைபடத்தை விரித்தோம்.
பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"உங்கள் புள்ளிகளில் மூன்று
கடலுக்குள் இருக்கின்றன" என்றார்.
உண்மைதான். போன் கொஞ்சம் தடுமாறியிருந்தது.
"ஐயா, உங்கள் ஏட்டில் இருபத்தைந்து
கடலில்கூட இல்லை" என்றான் லாம்ப்டே,
நிறுத்தம் கூவும் அதே குரலில்.
பின்வரிசை சிரித்தது.
ஷோர்மே சிரிக்கவில்லை.
எழுந்து வந்து
ஒன்பதாம் புள்ளியில் விரல் வைத்தாள்.
"இங்கிருந்து என் வாசலுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு.
பயம் தெரியாமலிருக்க எண்ணிக்கொண்டே நடப்பேன்.
நேற்று இருநூறில் விட்டுப்போயிற்று."
விரலை எடுத்தாள். தாளில் மீனெண்ணெய்க் கறை.
அவர் அதை அப்படியே மடித்து
உறையில் போட்டுக்கொண்டார்.

ஏழு வாரம்.
மழை வந்தது. கழி சந்துக்குள் ஏறி
எங்கள் கட்டில்களைப் பார்த்துவிட்டு இறங்கியது.
பிறகு, படகுகள் கடலுக்குப் போகாத
ஒரு செவ்வாய்க்கிழமை
ஏணியோடு இரண்டு பேர் வந்து
ஒன்பதாம் எண்ணுக்குப் போகும் வழியில்
பல்ப் மாட்டிவிட்டுப் போனார்கள்.
ஒன்றே ஒன்று.

படிவத்தைத் திறந்து
விளக்கு: "இல்லை" என்பதை
"உண்டு" என்று மாற்றினேன்.
தேதி போட்டேன்.
தாழ்ப்பாளைத் தொடவில்லை. அது அப்படியேதான்.

அன்று மாலை ஷோர்மே என் குடைக்கு வந்தாள்.
தண்ணீர்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து
பாதி குடித்தாள்.
மீதியைக் கையில் பிடித்தபடி
சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்,
எரிகிறதா என்று.