ஒரு சாண்

நான்கடித் தொட்டி. கொளத்தூர் வீட்டுக் கூடத்தில்
செருப்பு அலமாரி இருந்த இடத்தில்.
வலது பக்கம் என்னுடையது என்று யாரும் சொல்லவில்லை,
இடது பக்கம் அவளுடையது என்றும்.

டார்ச் பவளம் நான் வாங்கியது.
ஐந்து தலை, பாசிப் பச்சை,
நுனியில் மட்டும் வெள்ளரி விதையின் வெளுப்பு.
என் ஓரகத்தி பானுரேகா
சீட்டு எடுத்த பணத்தில் சிப்பி கொண்டுவந்தாள்.
உள்ளங்கை அளவு. உதடு முழுக்க
பேனா கசிந்த சட்டைப்பையின் நீலம்.
"வஞ்சிரமா வாங்கியிருந்தா
ஒரு மாசம் தின்னுருக்கலாம்" என்றான் அவள் கணவன்.

சிப்பிக்கு முகம் இல்லை. ஆனால் உதட்டோரம் நெடுகக்
கண்கள், கடுகைவிடச் சின்னதாய், எண்ண முடியாதபடி.
என் நிழல் விழுந்தால் பட்டென்று மூடும்.
தன் நிழலுக்கு மூடாது என்பாள் பானு.
நான் பார்த்திருக்கிறேன்.
மூடும்.

பகலில் தகராறு கிடையாது.
நீல விளக்கின் கீழ் இரண்டும் வெளிச்சம் தின்றன.
விருந்தாளிகள் போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் சிப்பி சுருங்கியது.
ஒரு பக்கத்து உதடு மட்டும்
தண்ணீரில் போட்டுச் சுருங்கிய ஜாக்கெட் கை மாதிரி.
உப்பு பார்த்தோம், முப்பத்தைந்து, சரி.
சூடு பார்த்தோம், வெளியே கத்திரி வெயில்,
உள்ளே இருபத்தாறு,
அதற்கான கரண்ட் பில் ஃப்ரிட்ஜின் மேல்.
"நீ ஊத்துன தண்ணிதான்" என்றேன்.
"நீங்க தாளிச்ச கையோட விடுறீங்க" என்றாள்.
அப்புறம் நாலு நாள்
பால் பாக்கெட் தனித்தனியாக வந்தது.

ராத்திரி ஒன்றரை. தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள்,
செல்போன் வெளிச்சத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி.
"அக்கா, சத்தம் போடாதீங்க. வந்து பாருங்க."

விளக்கணைந்த நீரில்
என் டார்ச், பகலில் காட்டாத ஒரு கையை
நீட்டியிருந்தது. நூல்தான். கண்ணாடி நூல்.
பம்ப் தள்ளிய திசையில் ஒரு சாண் போய்,
கோபமில்லாமல்,
தூக்கத்தில் கால் நீட்டுகிறவர்கள் மாதிரி
அது சிப்பியின் உதட்டில் பட்டது.
சிப்பி மூடியது. திறந்தது.
பட்டது.

எத்தனை ராத்திரி.

"சிப்பிய அந்தப் பக்கம் வெச்சிடலாம்" என்று கையை விட்டேன்.
வரவில்லை. அடியில் இழை இழையாய் விட்டுப்
பாறையைப் பிடித்திருந்தது.
வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள்.
"இழுக்காதீங்க, கால் கிழிஞ்சிடும்.
அது நகராதுக்கா."
அப்போது எது நகரும் என்பதை
அவள் சொல்லவில்லை.
மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டார்ச்சின் அடிக்கல்லைப் பிடித்துத் தூக்கினேன்.
சோறு போட்டவள் என்று பார்க்குமா அது,
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
கோடு கோடாய்க் கொட்டியது.
பல்லைக் கடித்துக்கொண்டு
வலது கோடிக்குக் கொண்டுபோய் வைத்தேன்.
அவள் பம்பின் வாயைத் திருப்பினாள்,
நீர் இனி சிப்பி பக்கமிருந்து வரும்படி.
கண்ணாடிமேல் சாண் வைத்து அளந்தேன். ஒன்று. இரண்டு.
"இன்னும் நாலு விரக்கடை" என்றாள்.
தள்ளினேன்.

சமையலறையில் வினிகரைத் தேடி எடுத்துவந்து
என் கையில் ஊற்றும்போது
அவளுக்கும் கண் எரிந்தது,
வினிகர் அப்படித்தான்.

உதடு மறுபடி விரிந்துவிட்டது.
தொட்ட இடத்தில் மட்டும் ஒரு நகக்கீறல் அளவு
நீலம் ஏறவில்லை.
சிப்பி ஒரு அடி வரை வளரும் என்கிறாள் பானு.
டார்ச்சில் ஆறாவது தலை எட்டிப் பார்க்கிறது.

தொட்டி
நான்கடிதான்.