நூற்றிருபது

"தொடர்பு இல்லை" என்கிறது ஸ்கேனர்,
மூன்றாம் முறையும்.
நாரினில் பனி கொட்டுகிறது.
லாரியின் மூக்குக்குள் இடுப்புவரை
குல்ஜமால்.

பெட்டி செத்தது என்று
பிஷ்கெக்கில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ஃபியூஸ் சரி. கிரவுண்டு சரி.
பேட்டரியைக் கழற்றி
முறுக்கிய இரு கம்பிகளுக்கிடையே மீட்டரை வைக்கிறாள்.
அறுபது ஓம் வரவேண்டும்.
நூற்றிருபது.

ஒரு முனையில் ஆளில்லை.

வெளியே எர்மெக் போனில்
ஆறு ஆடுகளுக்கு விலை பேசுகிறான்,
புதுப் பெட்டிக்காக.

பிளக்கைப் பிடுங்கி டார்ச் அடிக்கிறாள்:
அத்தனை ஊசிகளில் ஒன்று மட்டும்
பின்வாங்கி, களிம்பேறி.
பெட்டி பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
தன் வாய்க்குள்ளேயே.

சுரண்டினாள். நெட்டித் தள்ளினாள்.
அறுபது.

"எர்மெக்! எத்தனை விற்றாய்?"

பனிக்குள்ளிருந்து கொஞ்சம் தாமதமாக,
"ரெண்டு."