குலுக்கிப் பார்த்தது

கட்டிலுக்கடியில் நாற்பத்தொரு டின்.
லாயாங் லாயாங்கில் வேறெந்த வீட்டிலும்
இத்தனை பால் இருக்காது.
பால் என்றால் மரத்தில் வெட்டி எடுப்பது என்று
இன்னும் நினைக்கிற ஊர் இது.

கெட்டிப்பால் பதினெட்டு.
இனிக்காத ஆவிப்பால் பன்னிரண்டு.
பால்மாவு ஏழு, நெய் மூன்று.
மஞ்சள் சீஸ் ஒரே ஒரு டின், அது ஆசைக்கு.
பெட்டிப்பால் வாங்குவதில்லை.
ஒன்பது மாதம் என்று போட்டிருப்பான்,
என் தகரக் கூரைக்குக் கீழே அது ஐந்து.

"தங்கச்சி, தேத்தண்ணிக் கடை போடுறியா?"
ஆ கியோங் கேட்டார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

பாலத்தை மூடிய அன்று
யோகநாதன் அந்தப் பக்கம், துவாஸில், கிரேன் மேலே.
"ரெண்டு வாரம்தான்" என்றார்.
பிள்ளைக்குப் பதினாலு மாதம்.
ரெண்டு வாரம் இருபது மாதமானது.

மூன்றாம் நாளே கடையில்
பால்மாவு தட்டு காலி.
விலைச்சீட்டு மட்டும் ஒழுங்காக ஒட்டியிருந்தது.
அன்றிரவு சோற்றுக் கஞ்சியில் சீனி போட்டுக் கொடுத்தேன்.
அழாமல் குடித்தான்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் படித்துக்கொண்டேன்.
பழசு முன்னே, புதுசு பின்னே.
ஆவிப்பாலை மாதம் ஒருமுறை தலைகீழாகத் திருப்ப வேண்டும்,
இல்லாவிட்டால் கொழுப்பு ஒரு பக்கமாகப் படுத்துவிடும்.
மறக்காமலிருக்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி.
முழுக்கொழுப்பு மாவில் சிக்கு வாடை சீக்கிரம் ஏறும்,
ஆடை எடுத்தது காத்திருக்கும்.
உப்பிய டின்னைத் திறக்கவே கூடாது,
காசை நினைக்காமல் தூக்கிப் போடு.

அவர் வந்து சேர்ந்த இரவு
கட்டிலுக்கடியில் செருப்பைத் தள்ளினார்.
டின்னில் இடித்தது.
"என்ன, போர் வருதா?"
"வந்துட்டுப் போயிருச்சு."
"அதான் நான் வந்துட்டேனே."
அடுத்த வாரமும் இரண்டு வாங்கினேன்.
பால்குடத்துக்குக்கூட இதில் கைவைக்க விட்டதில்லை.

இந்தத் தைப்பூசம் கழிந்து மூன்றாம் வாரம்
ஆறு கட்டில் உயரத்துக்கு ஏறியது.
நாலு நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம்.
திரும்பி வந்தால் எல்லா டின்னும் இருக்கிறது,
நசுங்காமல், உப்பாமல்.
பேர்தான் இல்லை.
லேபிள்கள் சேற்றோடு கூழாகிக் கிடந்தன.
நான் பேனாவில் எழுதிய தேதிகளும் அதிலேதான்.
பிளீச் ஊற்றிக் கழுவினேன்,
அடியில் அச்சடித்திருந்ததும் போனது.

மாவும் நெய்யும் சீஸும் உருவத்திலேயே தெரியும்.
இந்த முப்பதுதான்:
ஒரே உயரம், ஒரே வெள்ளித் தோல்.

அவர் ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினார்.
க்ளக்.
"ஆவிப்பால்."
இன்னொன்று. சத்தமில்லை,
உள்ளே ஏதோ தாமதமாக வந்து
மணிக்கட்டில் முட்டியது போல.
"கெட்டி."
இருபது மாதம் போனில் மூச்சை வைத்தே
நான் சாப்பிட்டேனா என்று சொன்ன காது.

பிள்ளை மார்க்கரோடு பக்கத்தில் உட்கார்ந்து
மூடி மூடியாக எழுதினான்.
'ஆ' சரியாக வந்தது.
'கெ'க்குக் கொம்பைப் பின்னால் போட்டான், எல்லாவற்றிலும்.

தேத்தண்ணிக்கு ஒன்று திறந்தோம்.
கருப்பட்டி நிறம்.
என் கணக்குக்குத் தப்பி
எத்தனை வருஷம் பின்வரிசையில் கிடந்ததோ.
மோந்தேன், நாக்கில் வைத்தேன். கெடவில்லை.
அவர் இன்னொரு கிளாஸ் கேட்டார்.

ஒன்று மட்டும் அவருக்கும் பிடிபடவில்லை.
க்ளக்கென்றும் சொல்லவில்லை, முட்டவும் இல்லை.
பிள்ளை அதன் மூடியில் வட்டம் போட்டுவிட்டு
விளையாடப் போனான்.

முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா.
அதை மடியில் வைத்துக்கொண்டு
ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
எப்படியும் நாளைக்குப் பௌர்ணமி.