நாற்பது சென்டிமீட்டர்

அளவுகோலை இறக்குகிறேன்.
கறுப்புத் திரவம் அதைப் பிடித்துக்கொண்டு
தயங்கித்தான் விடுகிறது.
தொட்டி விளிம்புக்கு இன்னும் நாற்பது சென்டிமீட்டர்.
நேற்று நாற்பத்து மூன்று.

இன்று ஜனவரி பன்னிரண்டு.
பிப்ரவரி ஒன்றுவரை வயலில் ஒரு சொட்டு விடக்கூடாது, சட்டம்.
சட்டம் இல்லாவிட்டாலும் விடமாட்டேன்.
உறங்கும் கோதுமைக்கு ஊட்டினால்
உண்பது கோதுமையல்ல, ஓடை.
ஓடை உண்டதை லிம்ஃபியோர்டு குடிக்கும்,
கோடையில் பாசியாய்க் கக்கும்.

இருபது நாள், நாளுக்கு மூன்று.
கணக்கு எஸ்பனுக்கும் தெரியும்.
இருவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் மாடுகளின் சாணத்திலிருந்து
நெருப்பை மட்டும் உருவிக்கொண்டு
ஊர்க் குளியலறைகளைச் சூடாக்கிவிட்டு
மிச்சத்தை லாரியில் திருப்பி அனுப்புகிறது ஆலை.
மிச்சத்தில்தான் நைட்ரஜன் அத்தனையும்.
நனைந்த கரி வாசனை என்கிறேன் நான்.
நாற்றம் என்கிறார் எஸ்பன்.

டிசம்பர்ப் புயல் தொட்டியின் கூடாரத்தைக் கிழித்தது.
கிழிசல் வழியே மழை உள்ளே வருகிறது,
அம்மோனியா வெளியே போகிறது.
வருவது தண்ணீர்,
போவது காசு.
தைக்கிறவர்கள் மார்ச்சில் வருகிறார்களாம்.

சாலைக்கு அப்பால்
கோர்மின் தொட்டி காலியாக இருக்கிறது.
இலையுதிர்காலத்தில் மாடுகளை விற்றுவிட்டார்.
வேலிச் சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை.

இரவு ஒன்பதுக்கு
நான்தான் அழைத்தேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு,
'விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும்.'

காலையில் வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்கினோம்.
அது கத்தவில்லை.
ஏணியில் அவர் முதலில், பின்னால் நான்.
உள்ளே எங்கள் இருமல்கூட மூன்று முறை கேட்டது.
தரையில் காய்ந்த பொருக்கு,
அவருடைய மாடுகளின் கடைசிச் சாணம்.
காலணி நுனியால் ஒரு துண்டைப் புரட்டினார்,
உடைக்கவில்லை.
சுவரில் டார்ச் அடித்தபடியே,
முகம் திருப்பாமல் சொன்னார்:
'மூன்றில் ஒரு பங்கு என் பார்லிக்கு.
வேலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.'

வேலியைப் பற்றி
நான் பேச்சே எடுத்திருக்கவில்லை.

அன்றிரவு முழுக்க
சாலைக்கு அடியிலிருந்த குழாயில்
ஏதோ பெரிய மிருகம் விழுங்குகிற சத்தம்.
எஸ்பன் தூங்கினார், வாரங்களுக்குப் பிறகு.

பிப்ரவரி ஒன்று வந்தது.
வயல் வரவில்லை.
மண் தண்ணீர் குடித்து வீங்கிக் கிடக்கிறது,
டிராக்டர் வைத்தால் அச்சுவரை புதையும்.
பொறுத்தார் பூமி ஆள்வாராம்.
இங்கே பூமிதான் ஆள்கிறது,
நாங்கள் பொறுக்கிறோம்.

தினமும் ஏழு மணிக்குக்
கோர்மிடமிருந்து ஒரு செய்தி,
எண் மட்டும்.
இன்று: 112.

கோலைத் துடைத்துவிட்டு
நான் எழுதுகிறேன்: 87.