வலது என்ஜின்

குளிர்ந்த என்ஜின் வேண்டும் என்று
போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.
பைக்காராப் படகுத்துறை, காலை ஏழு மணி.
புல்லெல்லாம் உறைபனி.
மூடியைத் தூக்கிப் புறங்கையை வைத்தேன்.
இடது பக்கம் சில்லிட்டது.
வலது பக்கம் இளஞ்சூடு,
சற்று முன் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி.

"வெயில் பட்டிருக்கும், டெல்சி மேடம்"
என்றார் குரியச்சன், காபி ஊற்றியபடி.
வெயில் அப்போது
மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சரி, ஓட்டிப் பார்ப்போம்.
இருபத்தெட்டு அடி. கொச்சிக் காயலில் பதினோரு வருஷம்.
ஓடிய நேரம் அறுநூற்றுப் பன்னிரண்டு மணி என்றது மீட்டர்.
குறித்துக்கொண்டேன், நம்பவில்லை.
வாங்கப்போகிறவர் கேத்தி போஜன்.
மூன்று போகம் கேரட் விற்ற காசை
வயிற்றில் கட்டியிருப்பவர்போல
அங்கேயே கை வைத்தபடி பின் இருக்கையில்.

நடு ஏரியில் இரண்டு கைப்பிடிகளையும்
முட்டும்வரை தள்ளினேன்.
முகப்பு தூக்கியது. கற்பூர மரங்கள் பின்னால் ஓடின.
மூவாயிரத்து எண்ணூறு தொடவேண்டிய முள்
இடதில் மூவாயிரத்து நானூறில் நின்றது.
வலதில் மூவாயிரத்து நூற்றைம்பது.
கொஞ்சம் கரும்புகை.

"ஏழாயிரம் அடி மேடம். காற்று மெலிசு.
என்ஜின் என்ன செய்யும், பாவம்."

உண்மைதான்.
தூத்துக்குடியிலிருந்து வந்த நானும்
படகுத்துறைப் படியில் இரண்டு முறை நின்று
மூச்சு வாங்கித்தான் நடந்தேன்.
தண்ணீரே இங்கே நூறு டிகிரிக்குக் காத்திருப்பதில்லை,
முன்கூட்டியே கொதித்துவிடுகிறது.
நானூறு சுற்று மலையின் கணக்கில் போகட்டும்.

ஆனால் இரண்டும் ஒரே காற்றைத்தானே குடிக்கின்றன?
ஒரே டாங்க், ஒரே டீசல், ஒரே வயசு.
மீதி இருநூற்றைம்பது யார் கணக்கு?

முள்மேல் பழி போட்டார்.
என் கைமீட்டரைக் கப்பிக்கு நேராகப் பிடித்தேன்.
முள் சொன்னது சரி.
அதற்குப்பின் அவர் காபி குடிக்கவில்லை.

"ராத்திரி படகிலேயே படுத்துக்கொள்கிறேன்" என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினார்.
போஜன் இரண்டு கம்பளியும்
தூக்கில் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.

ஆறும் இரும்பு டிக், டிக் என்றது.
அந்தப்புறக் காட்டில் ஒரு கடமான் கத்தியது.
பத்து மணிக்குக் கை வைத்தேன்,
ஒரு மணிக்கு, மறுபடி மூன்று மணிக்கு.
அதன்பின் எது இடது, எது வலது என்று
கைக்குத் தெரியவில்லை.
அதற்காகத்தான் காத்திருந்தேன்.

விடியல். நாலு டிகிரி.
இடது இரண்டாம் சுழற்சியில் பிடித்தது.
வலது
சுற்றியது, சுற்றியது,
இருமியது, நின்றது,
ஐந்தாம் முறை எழுந்தது.

பின்னால் வெள்ளை.
ஏரியும் வெள்ளையாகத்தான் இருந்தது.
எது மூடுபனி, எது புகை,
கண்ணால் பிரிக்க முடியவில்லை.
கைக்குட்டையைப் புகைவாயில் பிடித்து
போஜனிடம் நீட்டினேன்.
முகர்ந்தார். "பச்சை டீசல்."
எரியாமல் வருகிறது என்றேன். அழுத்தம் போதவில்லை,
ஒரு சிலிண்டராவது திறக்க வேண்டியிருக்கும்.

மூன்று நிமிஷம் நாற்பது வினாடி.
புகை நின்றது.
மூடுபனி அப்படியே இருந்தது.

குரியச்சன் வந்தபோது என் தாள் அவர் கையில்.
விலையை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும்.
நான் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன்,
நடுவில்
ஒரு தடவை மட்டும் நின்று.