காலி எடை

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
எடைமேடை அறையில் பதினேழு வருஷம்.
வைக்கோல், தேங்காய் மட்டை, தக்காளி,
ஓணத்துக்கு முன்னால் பூசணி,
எந்நாளும் எம்-சாண்ட்.
லாரி ஏறும்போது தரை லேசாக மூச்சு விடும்.
சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, ஒன்றில் நிற்கும்.
நிற்கும்வரை பொத்தானைத் தொடமாட்டேன்.
எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.

வைகாசியில் முதலாளி வந்தார்.
கிணத்துக்கடவில் இன்னொரு மேடை போடுகிறாராம்.
"துளசிமணி, நீயே வந்து பாத்துக்கோ சாமி.
இருவத்தெட்டாயிரம். ஏசி ரூம்பு.
ரெண்டு பசங்க உனக்குக் கீழ."
நாளைக்குச் சொல்றனுங்க என்றேன்.
மறுநாள், வேண்டாங்க என்றேன்.

அவர் கோபித்திருக்கலாம். பாவமாகப் பார்த்தார்.
அதுதான் இரண்டு நாள் தொண்டையில் நின்றது.
திருப்பூரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.
"உனக்கு ஆசைன்னு ஒண்ணு இல்லவே இல்லியாக்கா?"
ரத்தத்தில் ஏதோ சத்துக் குறைந்தாற்போல,
மாத்திரை வாங்கி அனுப்பப்போகிறவன் குரலில்.

இருக்கிறது, ஆசை.
லாரி நெற்றிகளை எழுத்துக் கூட்டிக் கூட்டி
மலையாளம் படித்தவள் நான்.
பிள்ளைகளின் பெயர், சாமி பெயர், கடன் கொடுத்த கம்பெனி பெயர்.
ஒரு நாள் பேப்பரை முதல் வரியிலிருந்து
மரண அறிவிப்பு வரைக்கும்
யாரையும் கேட்காமல் வாசித்துவிட வேண்டும்.
இதைத் தம்பியிடம் சொன்னேன்.
"சரி, வேற?" என்றான்.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்.
இருபத்துமூன்றில் சர்க்கார் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.
ஹால் டிக்கெட் வந்தது. பொள்ளாச்சியில் மையம்.
அன்று காலை காய்ச்சலென்று படுத்துக்கொண்டேன்.
நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது.
கேட்டவர்களிடமெல்லாம்
பெரிய வேலைக்கு ஆசையில்லை, இருப்பது போதும் என்றேன்.
அதே சொல். அதே மூன்றெழுத்து.
அன்றைக்கு அது
தலைவரை இழுத்துப் போர்த்திய போர்வை.

அதனால் இந்தத் தடவை என்னை நான் நம்பவில்லை.
கடைசி வண்டி போனபின்
செருப்பைக் கழற்றி மேடைமேல் ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாய் எண்ணுகிற யந்திரம்.
கண்ணாடி வழியே தெரிந்தது: அறுபது.
மிச்சமிருந்த மூன்றோ நாலோ
அதன் கணக்கில் சேரவில்லை.
நின்றபடியே கிணத்துக்கடவை நினைத்துப் பார்த்தேன்:
குளிர்ந்த அறை, இரண்டு பையன்கள்,
மாதக் கடைசியில் ஒத்துவராத கணக்கு.
வயிற்றில் எதுவும் இறங்கவில்லை.
செய்துவிடுவேன். நன்றாகவே செய்வேன்.
கொட்டாவி வந்தது.
அன்றைக்குப் பரீட்சை ஹாலை நினைத்தபோது
கொட்டாவியா வந்தது?

ஹம்ஸா எப்போதும் காலி எடைக்குச் சண்டை பிடிப்பார்.
"சேச்சி, வண்டியில ஒண்ணும் இல்லா!"
ஜாக்கி இருக்கிறது, தண்ணீர்க் கேன் இருக்கிறது,
நனைந்த தார்ப்பாய் மட்டும் எண்பது கிலோ.
ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும்
எண்ணைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

அடுத்த வாரம் முதலாளியிடம் கேட்டேன்.
இங்கேயே மூவாயிரம் ஏற்றித் தரணும்.
கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள்.
மேற்கு ஜன்னலுக்கு ஒரு தகரம்,
ஆடிக் காற்று கணவாயிலிருந்து வந்தால்
ரசீதெல்லாம் கேரளாவுக்குப் பறக்கிறது.
"ஆசையில்லைன்னயே?" என்று சிரித்தார்.
நான் அப்படிச் சொல்லவேயில்லையே.
வேண்டாம் என்றேன். வேறு பேச்சு அது.
தாழ்ப்பாளுக்கு ஆள் அனுப்பினார்.
பணத்துக்கு, பார்க்கலாம் என்றார்.

கிணத்துக்கடவுக்கு ரெஜினா போகிறாள்.
கொழிஞ்சாம்பாறைக்காரி, என்னிடம்தான் வேலை படித்தாள்.
நேற்றுப் புதுச் சுரிதாரில் வந்து
சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள்.
சந்தோஷம்தான்.
பஸ் கிளம்பிப் போகும்போது மட்டும்
உள்ளே ஏதோ ஏறினாற்போல்
எண்கள் கொஞ்சம் ஓடின.
இன்னும் ஓடுகின்றன.
நிற்கட்டும், சொல்கிறேன்.